எடைமேடை சாஃப்ட்வேரின் டேட்டாபேஸிலிருந்து பவர்ஷெல் மூலம் கணக்கு எடுப்பது எப்படி?

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் மாங்கூழ் ஆலையிலோ உர மொத்தக் கடையிலோ கணக்கு வேலைக்குச் சேர்ந்தால், கொஞ்ச நாளில் இந்த வேலை உங்கள் தலையில் வந்து விழும். "தம்பி, சாஃப்ட்வேர்ல இருக்கிற எடைச்சீட்டை எல்லாம் ஊர்வாரியா தினமும் எக்ஸெல்ல போட்டுக் குடுத்துடு." சாஃப்ட்வேரில் அந்த மாதிரி ரிப்போர்ட் இருக்காது. போட்டுக் கொடுத்தவரைக் கேட்டால் தனிக் கட்டணம் சொல்வார். ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துத் தட்டச்சு செய்வதுதான் மிச்சம் என்று தோன்றும்.

அதற்கு அவசியம் இல்லை. சாஃப்ட்வேருக்கு அடியில், சீட்டுகளைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸாகப் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ்தான் ஓடிக்கொண்டிருக்கும். கட்டளை அடித்து வேலை வாங்கும் பவர்ஷெல் 5.1, விண்டோஸ் 10, 11 இரண்டிலுமே கூடவே வருகிறது. இந்த இரண்டையும் இணைத்துவிட்டால் போதும். இதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தராமல் நான் முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டேன். நேரத்தைத் தின்றது கட்டளைகள் இல்லை; இணைப்பும் அனுமதியும் தமிழ் எழுத்தும்தான். அதனால் அந்த இடங்களில் நிறையச் சொல்கிறேன், மற்றதில் வேகமாகப் போகிறேன்.

ஒன்று கவனியுங்கள். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். முதல் சில எழுத்தை அடித்து டேப் விசையைத் தட்டினால் மீதியைப் பவர்ஷெல்லே நிரப்பும். ஒரு கோடு போட்டு டேப் தட்டினால் அந்தக் கட்டளையோடு சேரும் விருப்பங்கள் ஒவ்வொன்றாக வரும். ஸ்பெல்லிங்கை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

உங்கள் கடையில் டேலி மட்டும்தான் இருக்கிறது என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு ஆகாது. டேலியின் தரவு எஸ்கியூஎல் சர்வரில் இருப்பதில்லை. அதன் வழி வேறு.

1. முதலில் காகிதம், பிறகு கணினி

பவர்ஷெல்லைத் திறப்பதற்கு முன் இவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்: சர்வர் ஓடும் கணினியின் பெயர், இன்ஸ்டன்ஸ் பெயர் (அந்தக் கணினியில் ஓடும் ஒவ்வொரு எஸ்கியூஎல் சர்வருக்கும் உள்ள தனிப் பெயர்), டேட்டாபேஸின் பெயர், உங்களுக்கான லாகின் பெயர், பாஸ்வேர்டு. இன்ஸ்டன்ஸ் பெயர் தெரியாவிட்டால், அந்தக் கணினியில் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து 'எஸ்கியூஎல் சர்வர்' என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் பெயர். எக்ஸ்பிரஸை யாரும் மாற்றாமல் நிறுவியிருந்தால் அது 'எஸ்கியூஎல்எக்ஸ்பிரஸ்' என்றே இருக்கும்.

அடுத்தது முதலாளியின் அனுமதி. வாய்வார்த்தை போதாது. வாட்ஸ்அப்பிலாவது ஒரு வரி வாங்கி வையுங்கள். சாஃப்ட்வேர்காரரோடு போட்ட வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். டேட்டாபேஸை வேறு யாராவது தொட்டால் பொறுப்பேற்க மாட்டோம் என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். பார்ப்பதற்கு மட்டும் அனுமதி உள்ள லாகின் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கேட்கும்போது "ரிப்போர்ட் எடுக்க ஒரு லாகின் வேணும் சார், டேட்டா ரீடர் ரோல் மட்டும் போதும்" என்று கேளுங்கள். டேட்டா ரீடர் என்ற சொல்லைக் கேட்டாலே விஷயம் தெரிந்தவர் பேசுகிறார் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

சில இடங்களில் "எதுக்குப்பா தனி லாகின், இந்தா 'எஸ்ஏ' பாஸ்வேர்டு" என்று தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். வாங்காதீர்கள். எஸ்ஏ என்பது எதையும் அழிக்கக்கூடிய லாகின். சீசன் நடுவில் ஒரு டேபிள் (தரவு இருக்கும் அட்டவணை) காணாமல் போனால், யார் செய்திருந்தாலும் முதலில் உங்களைத்தான் கேட்பார்கள்.

2. செலவு

பவர்ஷெல்லுக்குப் பணம் இல்லை. எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸுக்கும் இல்லை, தொழிலுக்கே பயன்படுத்தலாம். வீட்டில் பழகிப் பார்க்க டெவலப்பர் பதிப்பும் இலவசம், ஆனால் அதைக் கடையின் உண்மையான வேலைக்கு ஓட்ட உரிமம் இடம் தராது. ஆக, செலவு என்று வந்தால் சாஃப்ட்வேர்காரர் நேரில் வந்து லாகின் போட்டுத் தரும் கட்டணம் மட்டும்தான். அதையும் தூரத்திலிருந்தே, திரைப் பகிர்வில் செய்துவிடலாம். நேரில் வர வேண்டிய வேலை இல்லை.

எக்ஸ்பிரஸில் ஒரு எல்லை இருக்கிறது. 2022 வரையிலான பதிப்புகளில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளராது. லாரியின் புகைப்படத்தையும் டேட்டாபேஸுக்குள்ளேயே சேமிக்கும் எடைமேடை சாஃப்ட்வேர் என்றால் அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும். அப்போது புதுச் சீட்டு பதிவாகாது. லாகின் கிடைத்தவுடன் டேட்டாபேஸ் எவ்வளவு பெரியது என்று பார்த்து முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் வேலை இல்லைதான், ஆனாலும் சொல்லுங்கள்.

3. மாட்யூலை நிறுவுதல்

எஸ்கியூஎல் சர்வரோடு பேசும் கட்டளைகள் மாட்யூல் என்ற தனித் தொகுப்பாக வருகின்றன. பவர்ஷெல்லைத் திறந்து 'இன்ஸ்டால்-மாட்யூல் எஸ்கியூஎல்சர்வர் -ஸ்கோப் கரண்ட்யூசர்' என்று கொடுங்கள். கரண்ட்யூசர் என்று கொடுப்பதால் அட்மின் உரிமை தேவைப்படாது. நியூகெட் (மாட்யூலை இறக்க உதவும் கருவி) வேண்டுமா, இந்த இடத்தை நம்பலாமா என்று இரண்டு கேள்வி வரலாம். இரண்டுக்கும் ஆம் சொல்லுங்கள். ஏற்கெனவே இதே பெயரில் கட்டளை இருக்கிறது என்று நின்றால், கடைசியில் '-அலவ்க்ளாபர்' சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். பழைய விண்டோஸில் இறக்கமே தொடங்காவிட்டால் டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு முறை அணைந்திருக்கும், மாட்யூல்களைத் தரும் பவர்ஷெல் கேலரி தளம் அதற்குக் கீழான பதிப்புகளை ஏற்பதில்லை.

எடைமேடைக் கணினியில் இணையமே இருக்காது, அல்லது இருக்கக் கூடாது என்று வைத்திருப்பார்கள். பரவாயில்லை. வேறு கணினியில் 'சேவ்-மாட்யூல்' கொடுத்து ஒரு ஃபோல்டரில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுபோய் டாக்குமெண்ட்ஸ் உள்ளே விண்டோஸ்பவர்ஷெல், அதனுள்ளே மாட்யூல்ஸ் என்ற ஃபோல்டரில் போட்டால் போதும்.

ஸ்கிரிப்ட் கோப்பை ஓட்டும்போது, இந்தக் கணினியில் ஸ்கிரிப்ட் ஓட்டத் தடை என்று சிவப்பில் வரும். சாதாரண விண்டோஸில் அது இயல்பான நிலைதான். 'செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி -ஸ்கோப் கரண்ட்யூசர் ரிமோட்சைன்ட்' என்று ஒருமுறை கொடுத்தால் சரியாகிவிடும். அன்ரெஸ்ட்ரிக்டட் என்று போடச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம்.

4. இணைப்பு: பாதிப் பேர் நின்றுபோகும் இடம்

எடைமேடைக் கணினியிலேயே உட்கார்ந்து இணைப்பது எளிது. 'இன்வோக்-எஸ்கியூஎல்சிஎம்டி' என்பதுதான் முக்கியக் கட்டளை. சர்வர்இன்ஸ்டன்ஸ் என்ற இடத்தில் ஒரு புள்ளி, ஒரு பின்சாய்வுக்கோடு, இன்ஸ்டன்ஸ் பெயர் மூன்றையும் ஒட்டி எழுதுங்கள். புள்ளி என்றால் இந்தக் கணினியே. டேட்டாபேஸ் என்ற இடத்தில் அதன் பெயர். குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) என்ற இடத்தில் ஒற்றை மேற்கோளுக்குள் 'செலக்ட் கெட்டேட்()' என்று கொடுத்துப் பாருங்கள். இன்றைய தேதியும் நேரமும் வந்தால் இணைப்பு சரி.

மாட்யூலின் 22-ஆம் பதிப்பிலிருந்து இங்கேயே ஒரு தடை வரும். சான்றிதழை வழங்கியவர் நம்பத்தக்கவர் இல்லை என்று நீளமாக ஒரு பிழை. இணைப்பை மறையாக்கம் செய்வது இப்போது இயல்பாகவே கட்டாயம். எக்ஸ்பிரஸோ தனக்குத் தானே கையெழுத்துப் போட்ட சான்றிதழை நீட்டுகிறது. கடைக்குள்ளேயே இருக்கும் நெட்வொர்க் என்றால் '-டிரஸ்ட்சர்வர்சர்டிஃபிகேட்' சேர்த்துவிடுங்கள். இணையத்தின் வழியாகப் போகும் இணைப்புக்கு இதைச் செய்யாதீர்கள்.

அலுவலக அறையில் இருக்கும் உங்கள் கணினியிலிருந்து எடைமேடைக் கணினியோடு இணைக்கப் பார்த்தால் கதை வேறு. எக்ஸ்பிரஸில் டிசிபி, அதாவது நெட்வொர்க் வழி, இயல்பாகவே மூடியிருக்கும். சர்வர் கணினியில் 'எஸ்கியூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜர்' திறந்து டிசிபி/ஐபியை இயக்குங்கள். அதன் பண்புகளில் ஐபிஆல் என்ற பகுதியில் டைனமிக் போர்ட் இடத்தைக் காலியாக்கி, டிசிபி போர்ட் இடத்தில் 1433 என்று போடுங்கள். அந்த எண்ணை வேறு இன்ஸ்டன்ஸ் எடுத்திருக்கக் கூடாது. பிறகு சர்வீஸை நிறுத்தித் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் மாற்றியது எதுவும் நடப்புக்கு வராது. நிறுத்தும் நேரத்தில் எடைமேடையில் லாரி நிற்கக் கூடாது. இந்த வேலையைச் சாஃப்ட்வேர்காரர் இணைப்பில் இருக்கும்போது, அவர் கையால் செய்யவைப்பதே நல்லது.

ஃபயர்வாலில் 1433-ஐத் திறக்க வேண்டும், பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும். திறந்ததா என்று உங்கள் கணினியிலிருந்து 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்' கட்டளையில் கணினிப் பெயரும் '-போர்ட் 1433' என்பதும் கொடுத்துப் பாருங்கள். கடைசி வரியில் ட்ரூ என்று வந்தால் வழி திறந்திருக்கிறது. ஃபால்ஸ் என்றால் பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்துப் பயனில்லை, நீங்கள் இன்னும் வாசலுக்கே போகவில்லை. போர்ட் எண்ணைக் கணினிப் பெயருக்குப் பின்னால் காற்புள்ளி போட்டு எழுத வேண்டும். முக்காற்புள்ளி போட்டால் இணையாது.

வரும் பிழை எண்ணை வைத்தே எங்கே சிக்கல் என்று சொல்லிவிடலாம். 26 என்றால் இன்ஸ்டன்ஸையே கண்டுபிடிக்க முடியவில்லை. பெயர் தவறு, அல்லது இன்ஸ்டன்ஸ் எங்கே என்று சொல்லும் எஸ்கியூஎல் பிரவுசர் சர்வீஸ் ஓடவில்லை. 40 என்றால் சர்வரையே எட்ட முடியவில்லை. சர்வீஸ் நின்றிருக்கலாம், டிசிபியோ ஃபயர்வாலோ அடைத்திருக்கலாம். 18456 என்றால் சர்வரை எட்டிவிட்டீர்கள், லாகின்தான் தகராறு. காரணத்தைச் சர்வர் உங்களிடம் வேண்டுமென்றே சொல்லாது. அதன் பதிவேட்டில் பார்க்கச் சொல்லுங்கள்: ஸ்டேட் 5 என்றால் அப்படி ஒரு பெயரே இல்லை, 8 என்றால் பாஸ்வேர்டு தவறு, 58 என்றால் சர்வர் விண்டோஸ் லாகினை மட்டும் ஏற்கும்படி இருக்கிறது. டொமைன் எதுவும் இல்லாத சின்ன அலுவலகங்களில் இந்த 58 அடிக்கடி வரும். விண்டோஸ் லாகின், எஸ்கியூஎல் லாகின் இரண்டையும் ஏற்கும் மிக்ஸ்ட் மோடுக்கு மாற்றினால்தான் தீரும், அதற்கும் சர்வீஸை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும்.

5. பாஸ்வேர்டை ஸ்கிரிப்டில் எழுதாதீர்கள்

'கெட்-கிரெடென்ஷியல்' கேட்கும் பெட்டியில் லாகினும் பாஸ்வேர்டும் கொடுத்து, அதை 'எக்ஸ்போர்ட்-சிஎல்ஐஎக்ஸ்எம்எல்' மூலம் ஒரு கோப்பில் சேமியுங்கள். பிறகு ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பிலிருந்து எடுத்து, இன்வோக் கட்டளையில் '-கிரெடென்ஷியல்' என்று கொடுத்துவிடும். விண்டோஸில் இந்தக் கோப்பைச் சேமித்த அதே பயனர், அதே கணினியில்தான் திறக்க முடியும். பென்டிரைவில் எடுத்துப் போனால் வேலைக்கு ஆகாது, அது நல்லதுதான்.

6. குவெரி எழுதுதல்

எந்த டேபிளில் என்ன இருக்கிறது என்று தெரியாது. 'இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.டேபிள்ஸ்' என்பதிலிருந்து எல்லாவற்றையும் செலக்ட் செய்தால் பட்டியல் வரும். சந்தேகப்படும் ஒவ்வொரு டேபிளிலும் 'செலக்ட் டாப் 10' போட்டுப் பாருங்கள். டாப் இல்லாமல் முழு டேபிளையும் இழுக்காதீர்கள். நீளமான குவெரி ஓடும்போது, அதே டேபிளில் புதுச் சீட்டு எழுத முடியாமல் எடைமேடை காத்து நிற்கும். வெளியே லாரி ஓட்டுநர் ஹார்ன் அடிக்க ஆரம்பித்துவிடுவார். மாங்காய் சீசனில் வரத்து குறைந்த நேரம் எது என்று எடைமேடை ஆளிடம் கேட்டு, கனமான குவெரிகளை அப்போது ஓட்டுங்கள்.

தேதி பெரிய பொறி. 03/07/2024 என்று எழுதினால் ஜூலை 3 என்று நாம் நினைப்போம். லாகினின் மொழி அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால், அதுதான் வழக்கம், சர்வர் மார்ச் 7 என்று எடுத்துக்கொள்ளும். பிழையும் காட்டாது, தவறான கணக்கைத்தான் கொடுக்கும். எப்போதும் '20240703' என்று கோடு, புள்ளி எதுவும் இல்லாமல் எழுதுங்கள். ஒரு நாள் கணக்குக்குப் பிட்வீன் போடாமல், அந்த நாளுக்குச் சமமாகவோ மேலாகவோ, மறுநாளுக்குக் கீழாக என்று எழுதுங்கள். சீட்டில் நேரமும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். பிட்வீனில் கடைசி நாளின் நள்ளிரவோடு கணக்கு நின்றுவிடும், அன்று பகலில் வந்த லோடு முழுவதும் விடுபடும்.

பவர்ஷெல்லில் இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறி வந்தால் அதை மாறியாக எடுத்துக்கொள்ளும். அதனால் குவெரியை ஒற்றை மேற்கோளில் வையுங்கள். குவெரிக்குள்ளேயே ஒற்றை மேற்கோள் வேண்டும் என்றால் அதை இரண்டு முறை எழுத வேண்டும், அல்லது @ குறியோடு தொடங்கும் பல வரி உரையாக எழுதலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். படிக்கவும் சுலபம், குவெரியைப் பிற்பாடு மாற்றவும் சுலபம்.

விவசாயி பெயரையோ ஊரையோ யாராவது தட்டச்சு செய்து, அதைக் குவெரிக்குள் ஒட்டும்படி ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். ஒற்றை மேற்கோள் உள்ள ஒரு பெயர் வந்தாலே உடையும். வேண்டுமென்றே யாராவது விஷமமாக அடித்தால் இன்னும் மோசம். அந்தத் தேவை வந்தால் டாட்நெட்டின் எஸ்கியூஎல்கமாண்ட் வழியாகப் பாராமீட்டர் கொடுங்கள்.

காலியான ஃபீல்டு பவர்ஷெல்லுக்கு டிபிநல் என்ற வடிவில் வரும். 5.1-ல் அதை '$நல்' உடன் ஒப்பிட்டால் சமம் என்று சொல்லாது. காலி எடையைச் சுழியமாக்க வேண்டும் என்றால் குவெரியிலேயே 'ஐஸ்நல்' போட்டுவிடுவது எளிது.

7. தமிழ் எழுத்து, ஊர்ப் பெயர்

தமிழில் ஊரைத் தேடும்போது மேற்கோளுக்கு முன்னால் பெரிய 'என்' எழுத்து கட்டாயம். அது இல்லாவிட்டால் பாலக்கோடு என்று நீங்கள் கொடுப்பது சர்வருக்குள் வெறும் கேள்விக்குறிகளாகப் போகும். ஒரு வரியும் திரும்பி வராது. டேபிளிலேயே கேள்விக்குறிகளாக இருந்தால், ஃபீல்டை வார்சார் (தமிழைத் தாங்காத வகை) என்று அமைத்துவிட்டார்கள் என்று பொருள். பதிவானபோதே எழுத்து போய்விட்டது, மீட்க முடியாது. என்வார்சாராக மாற்றச் சொல்லுங்கள், இனி வருவதாவது பிழைக்கும்.

கேள்விக்குறி இல்லாமல் 'பு' இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஆங்கில எழுத்தும் குறியுமாக இருந்தால் பயப்படாதீர்கள். அது பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்த தமிழ். தரவு கெடவில்லை, எக்ஸெலுக்குக் கொண்டுவந்த பிறகு ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் ஸ்கிரிப்ட் கோப்புக்குள் தமிழ் இருந்தால், நோட்பேடில் சேமிக்கும்போது 'யூடிஎஃப்-8 வித் பிஓஎம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் வரும் அடையாளக் குறி) இல்லாமல் சேமித்தால் பவர்ஷெல் 5.1 தமிழைக் குப்பையாகப் படிக்கும். கருப்புத் திரையில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிவது வேறு விஷயம். அது எழுத்துருக் குறைதான், கோப்பில் சரியாகவே இருக்கும்.

அப்புறம் நம்ம ஊருக்கே உரிய தலைவலி ஒன்று. தருமபுரி என்று ஒருவர் அடித்திருப்பார், தர்மபுரி என்று இன்னொருவர். காவேரிப்பட்டணமும் காவேரிப்பட்டினமும் பக்கத்துப் பக்கத்து வரியில் இருக்கும். ஊர்வாரியாகக் கூட்டுவதற்கு முன் 'டிஸ்டிங்க்ட்' போட்டு எல்லா வடிவங்களையும் எடுத்து, எது எதோடு சேரும் என்று ஒரு தனிப் பட்டியல் செய்துகொள்ளுங்கள். மாவட்டவாரியாகக் கேட்டால் இன்னும் கவனம். கிருஷ்ணகிரி 2004-ல்தான் தனி மாவட்டமானது. பழைய சாஃப்ட்வேரிலிருந்து இழுத்துக்கொண்டு வந்த பார்ட்டி லிஸ்டில் ஊத்தங்கரையும் பர்கூரும் இன்னும் தருமபுரி மாவட்டத்திலேயே இருக்கக்கூடும். பின்கோடை வைத்துப் பிரிக்கலாம் என்று தோன்றும், அதுவும் சரிவராது. மொரப்பூர், காரிமங்கலம் எல்லாம் தருமபுரி மாவட்டம், ஆனால் பின்கோடு 635-ல் தொடங்கும். ஊர்ப் பெயர் பட்டியல்தான் ஒரே வழி.

8. எக்ஸெலுக்குக் கொண்டுபோதல்

குவெரியின் முடிவை 'எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி'க்கு அனுப்புங்கள், எக்ஸெல் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பு கிடைக்கும். 5.1-ல் '-நோடைப்இன்ஃபர்மேஷன்' சேர்க்காவிட்டால் முதல் வரியில் தேவையில்லாத ஒன்று வந்து உட்காரும். '-என்கோடிங் யூடிஎஃப்8' சேர்க்காவிட்டால் இவ்வளவு தூரம் காப்பாற்றி வந்த தமிழ் இங்கே கேள்விக்குறியாகிவிடும். பவர்ஷெல் 7 வைத்திருப்பவர்கள் 'யூடிஎஃப்8பிஓஎம்' என்று கொடுங்கள், இல்லாவிட்டால் எக்ஸெல் தமிழைத் தவறாகத் திறக்கும்.

திரையில் அழகாகத் தெரிய 'ஃபார்மட்-டேபிள்' போட்டுப் பழகியிருப்பீர்கள். அதையும் சேர்த்து சிஎஸ்விக்கு அனுப்பினால் எடைக்குப் பதிலாகப் புரியாத எண்ணும் எழுத்தும் கோப்பில் நிரம்பும். ஃபார்மட் என்று தொடங்கும் எதுவும் திரைக்கு மட்டும்தான்.

4000 எழுத்துக்கு மேல் நீளமான ஃபீல்டை இன்வோக் கட்டளை சொல்லாமலே வெட்டிவிடும். குறிப்புகள் நீளமாக இருந்தால் '-மேக்ஸ்சார்லெங்த்' கூட்டிக்கொள்ளுங்கள்.

9. தினமும் தானாக ஓட

எக்ஸ்பிரஸில் நேரத்துக்கு வேலையை ஓட்டும் எஸ்கியூஎல் ஏஜென்ட் கிடையாது, அதனால் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர்தான். புரோகிராம் இடத்தில் பவர்ஷெல், ஆர்க்யுமெண்ட் இடத்தில் '-நோப்ரொஃபைல் -ஃபைல்' என்று போட்டு ஸ்கிரிப்டின் முழுப் பாதை. யாரும் லாகின் செய்யாவிட்டாலும் ஓடு என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டும் பயனர், 5-ஆம் படியில் பாஸ்வேர்டு கோப்பைச் சேமித்தவராகவே இருக்க வேண்டும். கையால் ஓட்டினால் ஓடுகிறது, ஷெட்யூலரில் ஓடவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். இரண்டாவது, இசட் டிரைவ் மாதிரி ஒட்டிவைத்த டிரைவ் எழுத்துகள் அங்கே இருக்காது. பகிர்ந்த ஃபோல்டரின் முழு முகவரியைக் கொடுக்க வேண்டும்.

மின்வெட்டில் நேரம் தவறினால், தவறிய வேலையைக் கூடிய சீக்கிரம் ஓட்டு என்ற பெட்டியில் டிக் செய்யுங்கள். லேப்டாப் என்றால் மின்சாரத்தில் இருக்கும்போது மட்டும் ஓடு என்ற நிபந்தனை இயல்பாகவே டிக் ஆகியிருக்கும், அதை எடுத்துவிடுங்கள்.

ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே 'எரர்ஆக்‌ஷன்பிரிஃபரன்ஸ்' என்ற மாறிக்கு 'ஸ்டாப்' கொடுங்கள். இல்லாவிட்டால் இணைப்பு கிடைக்காத நாளிலும் ஸ்கிரிப்ட் கடைசிவரை ஓடிக் காலிக் கோப்பை வைத்துவிட்டுப் போகும். அன்று வரத்தே இல்லை என்று முதலாளி நினைத்துக்கொள்வார். கோப்புப் பெயரில் தேதி சேர்க்கும்போது மாதத்துக்குப் பெரிய 'எம்' இரண்டு. சின்ன 'எம்' என்றால் நிமிடம். அப்படி எழுதிவிட்டால் ஜூன் மாதக் கோப்பு 47-ஆம் மாதம் என்று வந்து நிற்கும்.

முதல் வாரம் முழுவதும், சிஎஸ்வியில் வரும் மொத்த எடையைச் சாஃப்ட்வேரின் சொந்த நாள் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரத்தான சீட்டுகளையும் உங்கள் குவெரி கூட்டிக்கொண்டிருந்தால் வித்தியாசம் அங்கேதான் தெரியும். பெரும்பாலும் 'கேன்சல்ட்', 'ஸ்டேட்டஸ்' மாதிரி ஒரு ஃபீல்டு இருக்கும், அதை நிபந்தனையில் சேர்த்துவிடுங்கள். சாஃப்ட்வேர்காரர் புதுப் பதிப்பு போட்ட மறுநாளும் இதே ஒப்பீட்டைச் செய்யுங்கள். டேபிள் பெயரை மாற்றினாலும் அவர்கள் உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.